அவள் கையில் எவ்வளவு காசு இருந்தது? பெண்களின் வாழ்க்கைக் கதைகளை வாசிக்க ஒரு வழி

ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்கிற கதையை வாசித்து முடித்ததும் நம் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஒன்று "பாவம்", இல்லாவிட்டால் "திமிர்". அடங்கி இருந்து கஷ்டப்பட்டால் பாவம், எதிர்த்துப் பேசினால் திமிர், அதோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் கதைக்குள்ளே பார்க்க எவ்வளவோ கிடக்கிறது. எப்படித் தள்ளிப்போடுவது? நான் சொல்கிற வழி ரொம்ப எளிது. அவள் குணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் செய்கிற வேலையைப் பாருங்கள், கையில் இருக்கிற காசைப் பாருங்கள், வீட்டிலும் ஊரிலும் எதுவரைக்கும் அவள் நடந்து போகலாம் என்று பாருங்கள், இதையெல்லாம் நமக்கு யார் வாயால் சொல்கிறார்கள் என்று பாருங்கள். குணம் எங்கும் ஓடிவிடாது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலிச் சீமையில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாபநாசத்துக்குப் போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், பீடி இலையும் தூளும் வாங்கிக்கொண்டு போகிற மேலப்பாளையத்து உம்மா, பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர், கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்து மாமி, நடவு முடிந்து அம்பாசமுத்திரத்தில் ஏறுகிற அக்கா, விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரின் மகள் என்று எல்லாரும் அதிலே வருவார்கள். கிழக்கே போனால் உவரி, மணப்பாடு, அப்புறம் உப்பளங்கள். வடக்கே போனால் கோவில்பட்டிக் கரிசல், தீப்பெட்டி ஆபீஸ். (1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. ஆனால் பழைய கதைகளில் எல்லாமே திருநெல்வேலி ஜில்லாதான், அதனால் நானும் சேர்த்தே சொல்கிறேன்.) பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிற இவர்கள் ஒருவர் வீட்டு அடுக்களையை இன்னொருவர் எட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கதை அந்த வேலையைச் செய்துதருகிறது, நாம் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வராமல் இருந்தால்.

முதலில் காசு

நாவலில் தொடங்காதீர்கள். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' இரண்டு மூன்று பக்கம்தான், அதில் தொடங்கலாம். 1934-ல் மணிக்கொடி இதழில் வந்த கதை. நடக்கிற இடம் ஒரு நகரம், எழுதியவர் நம்மூர்க்காரர். அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுகிறவன், அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. கடைசியில் அவள் சம்பாதிப்பது முக்கால் ரூபாய், எப்படி என்பதைக் கதையிலேயே வாசித்துக்கொள்ளுங்கள். கற்பைப் பற்றிக் கடைசியில் வருகிற அந்த வரியை மேடைக்கு மேடை மேற்கோள் காட்டியே தேய்த்துவிட்டார்கள், அதனால் முதல் வாசிப்பில் அதைத் தொடாதீர்கள். முக்கால் ரூபாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் கூலி எப்போது கைக்கு வரும்? கைமாற்றுக் கேட்க அந்தச் சந்தில் யார் இருக்கிறார்கள்? வேலைக்குப் போகாத நாளில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? இந்தக் கேள்விகளோடு திரும்ப முதல் வரிக்குப் போனால், ஆரம்பத்தில் நகரத்தைப் பற்றிய கிண்டல் மாதிரித் தெரிந்ததெல்லாம் ஒரு வீட்டின் வரவு செலவாகத் தெரியும். கடைசி வரியும் அப்போதுதான் உறைக்கும்.

அடுத்ததாக அவருடைய 'செல்லம்மாள்' கதையை எடுங்கள். பிரமநாயகம் பிள்ளை பட்டணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சிப்பந்தி, மனைவி செல்லம்மாளுக்குத் தீராத நோய். பிள்ளைமார் குடும்பம், சாதியில் மேலே, சம்பளத்தில் கீழே. அம்மாளுவையும் செல்லம்மாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். சாதியும் வசதியும் எப்போதும் கைகோத்துக்கொண்டு போவதில்லை. ஒருத்திக்கு வெளியே போய்ச் சம்பாதிக்க வழி இருக்கிறது, மரியாதை கிடையாது. இன்னொருத்திக்கு வீட்டோடு இருக்கிற மரியாதை இருக்கிறது, கையில் காலணா கிடையாது, வைத்தியத்துக்கும் புடவைக்கும் புருஷன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இதில் எவள் சுதந்திரமாக இருக்கிறாள் என்று உடனே பதில் சொல்லிவிட முடிந்தால் இன்னொரு தடவை வாசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

காசைப் பார்ப்பது என்றால் ரூபாயை மட்டும் பார்ப்பதில்லை, நேரத்தையும் பார்ப்பதுதான். பீடிக்கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அதனால் மடியில் சுளகை (முறத்தை) வைத்து உட்கார்ந்துவிட்டால் கை நிற்காது, சுற்றிக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் கேட்பார்கள், வம்பு பேசுவார்கள், அழவும் செய்வார்கள். பீடி சுற்றுகிற பெண் வருகிற கதை எதை எடுத்தாலும், பேச்சு நடக்கும்போது அவள் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள் என்று எழுதியிருந்தால், எழுதியவர் அந்த வளவுக்குள் (வீடுகள் சேர்ந்திருக்கிற வளாகத்துக்குள்) போனதே இல்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன். நடவுக்காரி, தீப்பெட்டி ஒட்டுகிறவள், பாய் நெய்கிறவள் யாருக்கும் இதே சோதனைதான். வேலைக்கே போகாத வீட்டுப் பெண் என்றால் அவளுக்கும் உண்டு: காலையில் முதலில் எழுவது யார், கடைசியில் சாப்பிடுவது யார், மிச்சம் எவ்வளவு இருந்தது?

ஒரு தாளில் வீட்டை வரையுங்கள்

இது விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் நான் சொல்வதிலேயே அதிகம் பலன் தருவது இதுதான். கதையில் வருகிற வீட்டை ஒரு துண்டுத்தாளில் கோடு போட்டு வரைந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடு என்றால் திண்ணை, தார்சா (திண்ணையை அடுத்த முன்பகுதி), பட்டாசல் (கூடம்), அரங்கு (சாமான் வைக்கிற உள்ளறை), அடுக்களை, புறவாசல், மேலே மச்சு என்று வரிசையாக நீளும். அப்புறம் கதையில் வருகிற ஒவ்வொரு பெண்ணும் எதுவரைக்கும் வருகிறாள் என்று பென்சிலால் புள்ளி வையுங்கள். அரங்கின் சாவி யார் இடுப்பில்? மருமகள் தார்சாவுக்கு எப்போது வருகிறாள், ஆம்பிளைகள் இருக்கும்போதா, இல்லாதபோதா? வேலைக்கு வருகிறவள் முன்வாசல் வழியாக வருகிறாளா, புறவாசல் வழியாகவா? புறவாசலில் அவளுக்குக் கஞ்சி ஊற்றுகிற பாத்திரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? சாதி என்ற சொல்லே வராத கதையில்கூட இந்தப் படம் சாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். மாதவிலக்கு நாளில் ஒருத்தி எங்கே உட்காருகிறாள் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளலாம். சில வீடுகளில் அதற்கென்று ஒரு மூலை இருக்கும், தினக்கூலி வீட்டிலோ உட்கார நேரமே இருக்காது.

வீட்டை விட்டு வெளியே போகிற கதை என்றால் தெருவை வரைந்துகொள்ளுங்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் வீடு சின்னது, கடற்கரை பெரிது, பிலோமி கரையில் நடக்கலாம், தோழியோடு உட்கார்ந்து பேசலாம், சாமிதாசைச் சந்திக்கலாம். ஆனால் வல்லத்தில் (நாட்டுப்படகில்) ஏறுவது யார், லாஞ்சு (இயந்திரப்படகு) வந்ததும் யார் பிழைப்பு ஆட்டம் காண்கிறது, அந்த ஆட்டம் ஒரு பெண்ணின் கல்யாணத்தை எங்கே போய் இடிக்கிறது என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். காதல் கதை என்று எடுத்தவர்களுக்கு அது தொழில் மாறுகிற கதையாகவும் ஆகிவிடும். சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' இதற்கு எதிர்ப்பக்கம். 2004-ல் வந்தது, திருச்சிப் பக்கத்து முஸ்லிம் பெண்களின் உலகம். கதை முக்கால்வாசி வீடுகளுக்குள்ளேயே நடக்கிறது, ஆனால் அந்த வீடுகளுக்குள் பெண்கள் பேசுகிற பேச்சுக்கு எல்லையே இல்லை. மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ வளர்ந்தவர்கள் அதை வாசித்துவிட்டு "இங்கே அப்படி இல்லை, இப்படி" என்று திருத்தம் சொன்னால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தங்கள் பல விமர்சனக் கட்டுரைகளைவிட உபயோகமானவை.

யார் சொல்கிறார்கள்?

இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கன்னிமை' கதையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். நாச்சியாரம்மா கல்யாணத்துக்கு முன்னால் வாரி வாரிக் கொடுக்கிற கை. வேலைக்காரர்களுக்கும் வாசலுக்கு வந்து நிற்பவர்களுக்கும் அவள் ஒரு குறை வைப்பதில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் கணக்குப் பார்க்கிறவளாக மாறிவிடுகிறாள். வாசித்தவர்கள் எல்லாரும் "ஐயோ, அந்தப் பழைய நாச்சியார் எங்கே போனாள்" என்று ஏங்குவார்கள், கதையும் நம்மை அப்படித்தான் ஏங்கவைக்கிறது. அதன் அழகே அதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் பாதியைச் சொல்வது அண்ணன், இரண்டாவது பாதியைச் சொல்வது புருஷன். நாச்சியாரம்மா ஒரு இடத்திலும் தன் கதையைத் தானே சொல்வதில்லை.

இதைக் கவனித்த பிறகு முதல் கேள்விக்குத் திரும்புங்கள், காசு. பிறந்த வீட்டில் அவள் வாரிக் கொடுத்தது யாருடைய தானியம்? அப்பா வீட்டுக் குதிர், பொறுப்பு அவளுடையது இல்லை. புகுந்த வீட்டில் குதிர் காலியானால் யாரைக் கேட்பார்கள்? இன்னொன்றும் உண்டு. மோர் வாங்கிக் குடித்த வேலைக்காரர்களில் ஒருத்தி இந்தக் கதையைச் சொன்னால் எப்படிச் சொல்வாள்? கல்யாணத்துக்கு முந்திய நாச்சியாரை மகராசி என்பாளா, இல்லை "மோரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, கூலியைக் கூட்டிக் கேட்டோம், அதுக்குப் பதிலே இல்லை" என்பாளா? கதையில் இல்லாத ஒருத்தியின் வாயிலிருந்து கதையை ஒரு பத்தி சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். எழுதக்கூட வேண்டாம், பேருந்தில் போகும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் போதும்.

ஆண் எழுதினால் சரியாக வராது, பெண் எழுதினால்தான் வரும் என்று ஒரே போடாகப் போடவும் வேண்டாம். பெருங்குளத்துக்காரர் அ. மாதவையா 1903-ல் 'முத்துமீனாட்சி' வெளியிட்டார். சின்ன வயதில் கல்யாணமாகி விதவையான ஒரு பிராமணப் பெண் 'நான்' என்று தன் கதையைச் சொல்கிறாள். இதன் முதல் வடிவம் 1892-லேயே 'சாவித்திரி சரித்திரம்' என்று விவேகசிந்தாமணி பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து நின்றுபோனது. இதை வாசிக்கும்போது இரண்டு குரலையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். மாமியார் வீட்டில் அவள் படுவதைச் சொல்கிற இடங்களில் ஒரு பெண்ணின் குரல் வரும், சீர்திருத்தம் ஏன் வேண்டும் என்று வாதம் பண்ணுகிற இடங்களில் மாதவையாவே வந்து உட்கார்ந்துகொள்வார். பழைய நடை தடுக்கினால் வாய்விட்டு வாசியுங்கள், சரளமாகிவிடும். உபதேசம் நீண்டால் இரண்டு பக்கம் தாண்டிப் போங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

அவரே 1915-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நம் ஊர்க்கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையில் இருந்த பிராமண விதவை கிளாரிந்தா நிஜமாக வாழ்ந்தவர், 1778-ல் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்தார், கிளாரிந்தா கட்டிய ஆலயம் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே ஒரு நடை போய்வரலாம். வரலாற்றில் பதிவானது எது, மாதவையா சேர்த்துக்கொண்டது எது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டே வாசியுங்கள். ஒரு நிஜப் பெண்ணின் வாழ்க்கையில் ஆதாரம் இல்லாத இடங்களைக் கதாசிரியர் எதைக்கொண்டு நிரப்புகிறார் என்று பார்த்தால், அந்தக் கதாசிரியரின் காலம் தெரிந்துவிடும்.

உள்ளிருந்து எழுதுவதும் வெளியிலிருந்து எழுதுவதும் இன்னொரு ஜோடி. ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் போய்ப் பார்த்து, விசாரித்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். பாமா 'சங்கதி'யை (1994) தலித் பெண்களுக்குள் ஒருத்தியாக இருந்து எழுதினார், பாட்டி சொன்னது, கிணற்றடியில் கேட்டது, தெருவில் நடந்த சண்டை என்று எல்லாம் பேச்சாகவே வரும். இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். முதலாவதில் அளத்தில் உப்புத் தண்ணீர் காலை அரிக்கிற விதம், கூலி, கணக்குப்பிள்ளை, முதலாளி எல்லாம் தெளிவாகப் புரியும். ஏனென்றால் தெரியாத நமக்கு விளக்க வேண்டும் என்று எழுதியவருக்கே ஒரு கட்டாயம் இருக்கிறது. இரண்டாவதில் விளக்கம் இருக்காது, சிரிப்பு இருக்கும். அத்தனை அடி வாங்கியும் அந்தப் பெண்கள் கும்மாளமாகச் சிரிக்கிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும் இந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபத்தில் கைக்கு அகப்படாது. என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், தகவலுக்கு அது, உயிருக்கு இது. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

ஒரே விஷயம், இரண்டு வீடு

பாரம்பரியம், வழக்கம் என்று கதையில் வருகிற இடத்தில் "நம் பண்பாட்டில் அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டுக் கடந்துவிடாதீர்கள். யார் வீட்டுப் பண்பாடு? முத்துமீனாட்சி மறுமணம் செய்வது பெரிய புரட்சி. அதே காலத்தில் அதே ஜில்லாவில் பல சாதிகளில் அறுத்துக்கட்டுவது (பழைய தாலியை அறுத்துவிட்டு மறுபடி கல்யாணம் செய்வது) சாதாரண வழக்கம், யாரும் நாவல் எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. அப்புறம் அந்தச் சாதிகளில் கையில் நாலு காசு சேர்ந்த குடும்பங்கள் முதலில் செய்தது என்னவென்றால், "நம் வீட்டுப் பெண்கள் அறுத்துக்கட்டமாட்டார்கள், வயலுக்குப் போகமாட்டார்கள்" என்று சொன்னதுதான். வசதி ஏற ஏறப் பெண்ணின் நடமாட்டம் குறைகிற இந்த விசித்திரத்தை நம் பக்கத்து நாவல்களில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஒரு நாவலில் மூன்று தலைமுறை வந்தால் பாட்டி எங்கெல்லாம் போனாள், அம்மா எங்கெல்லாம் போனாள், மகள் எங்கெல்லாம் போகிறாள் என்று பாருங்கள். மேல்நோக்கி ஒரே கோடாகப் போகாது.

பிழைக்கப் போவதையும் இப்படி ஜோடியாக வைக்கலாம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். செல்லம்மாள் புருஷனோடு பட்டணத்துக்குப் போகிறாள். இரண்டு பேரும் ஊரை விட்டவர்கள்தான், ஆனால் ஒருத்தியைக் கூட்டிப்போவது புருஷன், இன்னொருத்தி போவது கூலிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் மூலம். துணை என்ற பேரில் வருகிறவன் யார், அவனுக்கு இதில் என்ன வரும்படி என்று கேட்டாலே பாதிக் கதை திறந்துவிடும்.

கதை நடக்கிற வருஷத்தில் சட்டம் என்ன சொன்னது என்று தெரிந்துவைப்பதும் நல்லது. நான் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருப்பேன்: விதவை மறுமணச் சட்டம் 1856, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாட்டில் திருத்தம் வந்தது 1989, நாடு முழுக்க வந்தது 2005. அப்பா செத்ததும் அண்ணன்மார் சொத்தைப் பிரித்துக்கொள்ள, தங்கை பேசாமல் நிற்கிற காட்சி 1970-களில் நடந்தால் அது ஒன்று, 1995-ல் நடந்தால் வேறு ஒன்று. முதலாவதில் பூர்வீக நிலத்தில் அண்ணன்மாருக்குச் சமமாகப் பங்கு கேட்கச் சட்டத்தில் அவளுக்கு இடமில்லை. இரண்டாவதில் இருந்தும் கேட்கவில்லை என்றால் ஏன்? அண்ணன் உறவு போய்விடும், பிறந்த வீட்டுச் சீர் நின்றுவிடும் என்ற பயமா? அப்படி ஒரு இடம் வந்தால் கதாசிரியர் அங்கே கொஞ்சம் நின்றாரா, தாண்டிப் போனாரா என்று கவனியுங்கள். கல்யாணம் 1989-க்கு முன்னாலா பின்னாலா என்றுகூடப் பாருங்கள், தமிழ்நாட்டுத் திருத்தம் ஏற்கெனவே கல்யாணமான பெண்களுக்குப் பொருந்தவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. இதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

காதால் வாசிப்பது

வட்டார வழக்கு வருகிற கதையைக் கண்ணால் மட்டும் வாசிக்கக்கூடாது. நமக்கு இது பெரிய சொத்து, மற்ற ஊர்க்காரர்கள் அகராதி தேடுகிற இடத்தில் நமக்கு ஆள் குரலே கேட்டுவிடும். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை தனியாகப் பார்த்துக்கொண்டு போங்கள். மாமியார் மருமகளை 'ஏட்டி' என்பதும் கூட்டுக்காரி 'ஏட்டி' என்பதும் ஒன்றல்ல. 'மைனி' (அண்ணி) என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குகிறவள் ஏதோ கேட்கப் போகிறாள் என்று நமக்குத் தெரியும். பழைய கதைகளில் பண்ணை வீட்டுச் சின்னப் பையன் அறுபது வயது வேலைக்காரக் கிழவியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், அவள் அவனை 'ஐயா' என்பாள், கதாசிரியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார். சில சமயம் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருப்பார், சில சமயம் அவருக்கே அது உறைத்திருக்காது. எது என்று கண்டுபிடிக்க அதே ஆசிரியரின் இன்னும் இரண்டு கதையை வாசித்தால் போதும்.

வார மாதக் குடும்ப நாவல்களை இந்த வட்டத்திலிருந்து தள்ளிவைக்கிறவர்கள் உண்டு. நான் தள்ளமாட்டேன். நம் அம்மாக்களும் அத்தைகளும் வாடகை நூல்நிலையத்தில் எடுத்து அட்டை கிழியக் கிழிய வாசித்தவை அவை, அந்த ஆசைகள் எங்கிருந்து வந்தன என்பதும் பெண்களின் வாழ்க்கைதான். ஆனால் அதே கேள்விகளை அங்கேயும் கொண்டுபோங்கள். கோபக்கார நாயகனின் பங்களாவில் பாத்திரம் கழுவுவது யார்? நாயகி ஏழை என்கிறார்கள், அவள் கட்டியிருக்கிற புடவை யார் வாங்கித் தந்தது? சமையற்கார அம்மாளுக்குப் பேர் இருக்கிறதா?

நாலு பேரோடு

தனியாக வாசிப்பதைவிட, வேறு வேறு தெருவைச் சேர்ந்த நாலு பேர் ஒரே கதையை வாசித்தால்தான் இதெல்லாம் சூடு பிடிக்கும். ஒரே சாதி, ஒரே ஆபீஸ் ஆட்களாகச் சேர்ந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் உச்சுக் கொட்டிவிட்டு காபி குடித்துக் கலைந்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருத்தர் வாய்விட்டு வாசித்தால் போதும். கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் வேலை நடக்கும்போதே ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள், அந்த வழக்கம் பேர்போனது. இங்கே வளவில் டிவி ஓடுகிற இடத்தில் வாரம் ஒரு சிறுகதை ஓடினால் யாருக்கும் கூலி குறையாது.

புத்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் கேளுங்கள், அலமாரியில் இல்லாவிட்டால் சொல்லி வையுங்கள். புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் இருவர் எழுத்தும் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் தளத்தில் புதுமைப்பித்தன் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு போடாதீர்கள். துண்டுத்தாள் எதற்கு இருக்கிறது.

கூட்டத்துக்கு முதல் கதையாக வண்ணநிலவனின் 'எஸ்தர்' நல்லது. பஞ்சம், ஊரே காலியாகிறது, குடும்பம் கிளம்பியாக வேண்டும், நடக்க முடியாத பாட்டி வீட்டில் இருக்கிறாள், முடிவெடுக்கிற பொறுப்பு எஸ்தர் சித்தி தலையில். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் அவள், அந்த வீட்டில் அவளுக்கு உரிமை என்று எதுவும் கிடையாது, ஆனாலும் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கடைசி இரவில் நடந்தது என்ன என்பதைக் கதை நேராகச் சொல்லாது. எங்கள் வட்டத்தில் என் மைனி ஒருவர் இதைக் கேட்டு முடித்ததும், "அவ செஞ்சது சரிதான், அந்த வீட்ல வேற யாருக்குத் தைரியம் இருந்துச்சு?" என்றார். பக்கத்தில் இருந்த ஆச்சி, "சரி தப்பெல்லாம் கெடக்கட்டும்ளா, கெழவியை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாகளா?" என்றார். அதற்கப்புறம் அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அந்த மாதிரிச் சண்டை வந்தால் நடுவில் புகுந்து தீர்த்து வைக்காதீர்கள், முக்கியமாக இலக்கியம் படித்தவர்கள் வாயைத் திறக்க வேண்டாம். எஸ்தர் கையில் என்ன இருந்தது, வீட்டில் எத்தனை பேருக்கு எவ்வளவு தானியம் மிச்சம், யார் யார் எங்கே படுத்திருந்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த வாரத்துக்கு 'கன்னிமை'யை நகல் எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.